நீலம் தோய்க்காத சல்லடை

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? தலைவலி விட்டதா? எனக்குத் தொண்டையில் தூசி, அவ்வளவுதான். இங்கே எல்லாருக்கும் அதுதான், அதனால் யாரும் அதை வியாதி என்று சொல்வதில்லை.

முகாமுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். போன் எடுக்காது. தண்ணீர் லாரிக்காரர்தான் தபாலும் கொண்டுவருகிறார், அதுவும் அவருக்கு மனசு வந்தால். போன வருஷத்திலிருந்து நான் எழுதிய எதற்கும் உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. உன் குழந்தை வாண்டு நம்மை விட்டுப் போன பிறகு நாலே நாளில் நான் கிளம்பிவிட்டேன் என்று கோபமாக இருந்தால் திட்டி எழுது. வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு எப்படித் தெரியும்?

நான் என்னதான் வேலை பார்க்கிறேன் என்று மாமா ஒருமுறை கேட்டார். அன்றைக்குச் சரியாகச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். எண்ணெய்க் கிணற்றுக்காக ரிக் தோண்டிக்கொண்டே இருக்கும். கீழிருந்து வரும் மண்ணையும் கல்தூளையும் பையில் போட்டு என்னிடம் கொடுப்பார்கள். ஊறவைத்து, சல்லடையில் கழுவி, காயவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். அதில் ஓடுகள் இருக்கும். எப்போதோ கடலில் வாழ்ந்த பொடி உயிர்களின் ஓடுகள். மணல் துகளைவிடச் சின்னது, ஆனால் ஒவ்வொன்றிலும் அறை அறையாகக் கட்டியிருக்கும். புத்தகத்தில் நுண்புதைபடிவம் என்று போட்டிருக்கும், நாங்கள் 'பொடி' என்போம். எந்தப் பொடி வருகிறதோ அதை வைத்து எந்த அடுக்கில் நிற்கிறோம் என்று நான் சொல்ல வேண்டும். ரிக் மேனேஜர் வாசலில் வந்து நின்று, "என்ன சாமி, எங்க இருக்கோம்?" என்பார், பஸ்ஸில் தூங்கி விழித்தவர்போல. "உங்க ஸ்டாப் இன்னும் வரல சார்" என்பேன்.

கண்ணுக்கு எட்டிய தூரம் பொட்டல்தான். ஆனால் காலடியில் முழுக்கக் கடல். இந்தப் பொடி எங்கேயும் கிடைக்கும். சுண்ணாம்புக்கல் படிக்கட்டில் இருக்கும். உன் கண்ணாடிக்கடை வாசல்படியில்கூட இருக்கலாம்.

என் அறையில் இன்னொருவன் இருக்கிறான், வேதியியல் படித்தவன். பேசும்போதே கொட்டாவி விடுவான், அதனால் பெயரே கொட்டாவி. "செத்துப்போனதைப் பார்த்து அட்ரஸ் சொல்றது ஒரு பொழப்பாடா?" என்று கேட்கிறான். அவன் பிழைப்பு ரிக்கில் ஊற்றும் சேற்றின் கெட்டித்தன்மையை அளப்பது.

மாமாவைக் கேட்டதாகச் சொல். பதில் போடு.

தம்பி

*

பிப்ரவரி 26

தம்பிக்கு,

நீ நன்றாக இருப்பது தெரிந்து நிம்மதி. தொண்டைக்கு வெந்நீர் குடி. நான் இருக்கிறேன். உன்மேல் கோபமெல்லாம் இல்லை. எழுத எதுவும் இல்லை, அதனால் எழுதவில்லை.

கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை வழக்கம்போலத்தான். முதலாளி புது மெஷின் வாங்கியிருக்கிறார். சத்தம் குறைவு. சத்தம் இருந்தபோதே தேவலை என்று தோன்றுகிறது.

உன் கடிதத்தில் மண்ணைப் பார்த்து அது எந்த இடம் என்று சொல்வதாக எழுதியிருந்தாய். ரிக் மண்ணுக்கு மட்டும்தானா, எந்த மண்ணுக்கும் சொல்ல முடியுமா? இத்துடன் ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். உன் மாமாவின் பூட்ஸ் அடியிலிருந்து சுரண்டியது. இது எங்கேயிருந்து வந்தது என்று பார்த்துச் சொல். ஏன் என்று கேட்காதே.

அவர் நன்றாக இருக்கிறார்.

அக்கா

*

மார்ச் 12

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது, பொட்டலமும் கிடைத்தது. வெந்நீர் குடிக்கிறேன். இங்கே வெந்நீருக்குப் பஞ்சமில்லை, குழாயைத் திறந்தாலே அதுதான்.

ஏன் என்று கேட்காதே என்றால் என்ன அர்த்தம்? நான் என்ன குறி சொல்கிறவனா, மண்ணை முகர்ந்து பார்த்துச் சொல்ல? இதற்கு முறை இருக்கிறது. ஒரு சாம்பிளைக் கழுவ அரை நாள். அதைவிட முக்கியம் சல்லடை. அதன் கண்ணிகளில் முந்தைய சாம்பிளின் ஓடுகள் கொஞ்சம் மாட்டிக்கொள்ளும், எவ்வளவு கழுவினாலும் போகாது. அதனால் ஒவ்வொரு தடவையும் சல்லடையை நீலச் சாயத்தில் தோய்த்தெடுப்போம். மாட்டியிருப்பது நீலமாகிவிடும். அடுத்த சாம்பிளில் நீல ஓடு தெரிந்தால் அது வேறு இடத்துச் சரக்கு, கணக்கில் சேர்க்கக் கூடாது. இவ்வளவும் மாமாவின் பூட்ஸுக்காகச் செய்ய வேண்டும். கம்பெனிச் சாயம், கம்பெனி நேரம்.

சரி, செய்கிறேன். ஆனால் எதைத் தேடுகிறேன் என்று தெரியாமல் தேட மாட்டேன். நன்னீர் மண் என்றால் ஒரு மாதிரி இருக்கும், உப்பும் நன்னீரும் கலக்கிற இடத்து மண் வேறு மாதிரி, கடல் மண் இன்னொரு மாதிரி. இதில் உனக்கு எது தெரிய வேண்டும்? மாமா யாரையாவது பார்க்கப் போகிறார் என்று சந்தேகமா? அப்படியென்றால் நேராக அவரிடம் கேள், இல்லை என்னிடம் சொல், நான் கேட்கிறேன். அப்படி ஒரு பெண் இருந்தாலும் அவள் குடியிருக்கும் தெருவையெல்லாம் பொடி காட்டாது.

ஒழுங்காகச் சாப்பிடு.

தம்பி

*

மார்ச் 29

தம்பிக்கு,

சாப்பிடுகிறேன். நீயும் சாப்பிடு.

பெண்ணெல்லாம் இல்லை. அப்படி இருந்தால் உன்னிடம் மண்ணை அனுப்ப மாட்டேன்.

வாண்டு ஆற்று முகத்தில், ஆறு கடலில் கலக்கிற இடத்தில், மூழ்கிப் போனாள் என்பது உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளோடு அவளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் கடையில் இருந்தேன். அவர் ஏதோ கட்டடத்தில் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். நான் அவளை ஆஸ்பத்திரியில்தான் பார்த்தேன். அந்த இடத்தை நான் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் அவர் வேலைக்குப் போய்விட்டார். ஒரு வாரத்தில் அவள் கட்டிலைக் கழற்றி, ஒவ்வொரு சட்டமாகக் கீழே கொண்டுபோய் யாருக்கோ கொடுத்தார். ஸ்குரூ எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவர் வாயிலிருந்து அவள் பேச்சு வந்ததில்லை. ஒரு தடவைகூட இல்லை. நானும் நிறுத்திவிட்டேன். லைட்டை அணைக்கட்டுமா, பால் வாங்கணுமா, இதுதான் பேச்சு.

இப்போது சில மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை என்று சொல்லிவிட்டுப் போகிறார். லிஃப்ட் மெக்கானிக் காலில் கிரீஸ் இருக்கலாம், சேறு எப்படி வரும்? மாடி மாடியாக ஏறி இறங்குகிறவருக்கு?

அவர் அங்கே போகிறாரோ என்று நினைக்கிறேன். ஆற்று முகத்துக்கு.

பெரிய ஊரில் ஒரு கண்ணாடிக் கம்பெனி என்னைக் கூப்பிடுகிறது. லென்ஸ் பிரிவு முழுக்க என் பொறுப்பு, தங்க இடமும் உண்டு. ஏப்ரல் கடைசிக்குள் சொல்ல வேண்டும். போனால் தனியாகத்தான் போவேன், திரும்பி வர மாட்டேன். அவர் அங்கே போகிறவர் என்றால், இதே வீட்டில் அவளை நினைக்கிற இன்னொரு ஆளும் இருக்கிறார் என்று அர்த்தம், நான் இருந்துவிடுவேன். வேறு எங்கோ போகிறார் என்றால் கிளம்பிவிடுவேன். அவ்வளவுதான்.

அவரிடம் கேட்கச் சொல்லாதே. கேட்டால் "வேலை" என்பார்.

அக்கா

*

ஏப்ரல் 10

அக்காவுக்கு,

நலமா? நான் நலம். உன் கடிதத்தைப் படித்த பிறகு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் முடிவை மட்டும் எழுதுகிறேன்.

பொட்டலத்தில் பாதியை எடுத்துக் கழுவினேன். ரிக்கில் இரண்டு நாளாகச் சாம்பிள் மேல் சாம்பிள். ஆழத்து மண்ணைக் கழுவி முடித்த கையோடு, மேனேஜர் வந்து நிற்பதற்குள், உன்னுடையதைப் போட்டு எடுத்தேன். பெரும்பாலும் களிமண், கொஞ்சம் மணல். ஆனால் பதினைந்து இருபது ஓடுகள் தெளிவாக இருந்தன. சுருள் சுருளாக, நத்தை மாதிரி. இந்தக் குடும்பம் ஆற்றுத் தண்ணீரில் இருக்காது, குளத்தில் இருக்காது. கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி இறங்குகிற சேற்றில்தான் இருக்கும்.

உங்கள் பக்கம் அப்படிப்பட்ட இடம் ஒன்றுதான். மாமா ஆற்று முகத்துக்குத்தான் போகிறார். சந்தேகமே வேண்டாம்.

கம்பெனிக்கு என்ன சொல்லப்போகிறாய் என்று எழுது.

தம்பி

*

மே 1

தம்பிக்கு,

நீ நன்றாக இருக்கிறாயா? உன் கடிதம் வந்த அன்று கடையிலிருந்து நேரத்தோடு வந்துவிட்டேன்.

கம்பெனிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். போனில் அந்த அம்மா "நல்லா யோசிச்சீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். யோசிக்கவில்லை. ஆனால் யோசித்தேன் என்றேன்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். அவர் எப்போதும் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்று சாப்பிடுவார். நான் மேஜையில். "ஞாயிற்றுக்கிழமை நீங்க எங்க போறீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றேன். கை அப்படியே நின்றது. "ஆத்து முகத்துக்குத்தானே?" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு "ஆமா" என்றார்.

"தப்பில்ல. போங்க" என்றேன்.

அவர் தட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து எதிரே உட்கார்ந்தார். "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார் கடைசியில். "மோர் ஊத்திக்குங்க" என்றேன். இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்று நினைப்பாய். போன வருஷத்துக்குப் பிறகு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

இப்போது தினமும் மேஜையில்தான் சாப்பிடுகிறார். நான் அழவில்லை. சந்தோஷமும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி இருக்கிறது. ஆனால் வீட்டில் ஆள் இருப்பது தெரிகிறது.

ஒரு ஞாயிறு நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். "பாக்கலாம்" என்கிறார்.

உன் படிப்பு எதற்குப் பிரயோஜனம் என்று ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். இனிமேல் கேட்க மாட்டேன்.

அக்கா

*

மே 16

மாமாவுக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை, அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

அக்கா உங்கள் பூட்ஸ் மண்ணை எனக்கு அனுப்பினாள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ள. அது ஆற்று முகத்து மண் என்று நான் எழுதினேன். அதை நம்பித்தான் பெரிய ஊர் வேலையை வேண்டாம் என்று சொன்னாள். அப்படி ஒரு வேலை வந்ததே உங்களுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. போயிருந்தால் உங்களை விட்டுத்தான் போயிருப்பாள்.

நான் சொன்னது தப்பு.

போன வாரம் பழைய மைக்ராஸ்கோப் தட்டுகளை எடுத்துவைக்கும்போது உங்கள் மண்ணில் கிடைத்த ஓடுகளை மறுபடி பார்த்தேன். ஒன்றை ஊசி முனையால் அழுத்தினேன். இப்போது சேற்றில் இருக்கிற ஓடு என்றால் உள்ளே வெற்றிடம், முட்டை ஓடு மாதிரி நொறுங்கிவிடும். இது நொறுங்கவில்லை. இன்னொன்றை அழுத்தினேன், அதுவும் இல்லை. உடைத்துப் பார்த்தால் அறைகள் முழுக்கக் கல் அடைத்திருக்கிறது. மண்ணுக்கடியில் யுகக்கணக்கில் கிடந்தால்தான் அப்படி ஆகும். உங்கள் பூட்ஸுக்கு முந்தி நான் கழுவியது ரிக்கின் ஆழத்து மண். அந்த அடுக்கும் ஒரு காலத்தில் ஏதோ ஓர் ஆற்று முகம்தான். அதே குடும்பத்து ஓடுகள். சல்லடையை நீலத்தில் தோய்த்திருந்தால் அவ்வளவும் நீலமாக வந்திருக்கும், கண் தெரியாதவன்கூட ஒதுக்கியிருப்பான். அன்றைக்கு அவசரம். சொந்த வேலைதானே என்று தோய்க்காமல் போட்டுவிட்டேன்.

கொட்டாவியிடம் சொன்னேன், என் அறைத் தோழன். "பாட்டன் காலத்துக்கு முன்னாடி செத்ததுக்கும் உங்க மாமா செருப்புக்கும் முடிச்சுப் போட்டுட்டியே" என்று சிரித்தான். சமாசாரம் முழுவதையும் சொன்ன பிறகு சிரிக்கவில்லை.

மிச்சப் பாதிப் பொட்டலத்தைச் சரியான முறையில் பார்த்துவிட்டேன். ஒரு ஓடுகூட இல்லை. நன்னீர்ப் பாசிகளின் கண்ணாடி மாதிரிக் கூடுகள் மட்டும் இருக்கின்றன. அது ஆறாக இருக்கலாம், குளமாக இருக்கலாம். உப்புத் தண்ணீர் பட்ட மண் இல்லை.

ஆனால் அக்கா கேட்டபோது நீங்கள் "ஆமா" என்று சொல்லியிருக்கிறீர்கள். ஏன் அப்படிச் சொன்னீர்கள்? எங்கேதான் போகிறீர்கள்?

இதை நான் அக்காவிடம் சொல்லியாக வேண்டும். அவள் முடிவு என் தப்பின்மேல் நிற்கிறது. முதலில் உங்களிடம் கேட்பது மரியாதை என்று பட்டது. இந்தக் கடிதத்தை உங்கள் ஒர்க்‌ஷாப் விலாசத்துக்குத்தான் அனுப்புகிறேன். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

தம்பி

*

ஜூன் 2

மாப்பிள்ளைக்கு,

நல்லா இருக்கியா. நான் இருக்கேன். உன் அக்காவும் நல்லா இருக்கா. எனக்கு எழுதிப் பழக்கமில்ல, பேசற மாதிரிதான் எழுத வரும்.

பூட்ஸைச் சுரண்டினது தெரியாது. ஒரு தடவ அது சுத்தமா இருந்துச்சு, மழைல நின்னுருக்கும்னு நினைச்சேன். வேலை விஷயமும் தெரியாது. உன் கடுதாசியைப் பார்த்துத்தான் தெரிஞ்சுகிட்டேன். ஒர்க்‌ஷாப்ல பசங்க "என்ன மேஸ்திரி, லவ் லெட்டரா"ன்னு கேட்டானுங்க. ஆமான்னுட்டேன்.

நீ கேட்டதுக்கு வரேன். ஆத்து முகத்துக்குத்தான் கிளம்புவேன். ஒவ்வொரு தடவையும் அங்கதான் கிளம்புவேன். பஸ்ல போனா சட்டுனு கொண்டுபோய் இறக்கிடுவான், அது நமக்கு ஆகாது. அதனால ஆத்தங்கரையிலயே நடந்து போவேன். பெரிய பாலம் ஒண்ணு வரும். அதுக்கடியில தடுப்பணை. உப்புத்தண்ணி அதத் தாண்டி மேல வராது. பாலம் ஏறி அந்தப் பக்கம் இறங்கினா கொஞ்ச தூரத்துல அந்த இடம்னு சொல்றாங்க. நான் பாலத்து வரைக்கும் போவேன். ஏற மாட்டேன். கீழ உக்காந்திருப்பேன், திரும்பி வந்துடுவேன். இத்தனை மாசமா அதான்.

லிஃப்ட்டு போற இருட்டு ஷாஃப்ட்டுக்குள்ள ஒத்தைக் கம்பியில தொங்கிருக்கேன் மாப்ள. கால் நடுங்கினதில்ல. அந்தப் பாலத்துப் படியில ஒரு படி ஏற மாட்டேங்குது.

ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. அவ அஞ்சு வயசுக்கு நல்ல உயரம். அங்க ஆழமே இல்லன்னு சொல்றாங்க. அப்புறம் எப்படி. இதையே நினைச்சுகிட்டு உக்காந்திருப்பேன். யார்கிட்டயும் கேக்கல. கேட்டா பதில் சொல்லிடுவாங்களே.

ஆமான்னு ஏன் சொன்னேன்னு கேட்டிருக்க. உன் அக்கா ரொம்ப நாளைக்கு அப்புறம் என்கிட்ட ஒண்ணு கேட்டா. பாலைப் பத்தி இல்ல, லைட்டைப் பத்தி இல்ல. இல்லன்னு சொல்ல வாய் வரல. அவ்வளவுதான்.

இப்ப கூட வரேங்கறா. மூணு ஞாயிறு லிஃப்ட் ரிப்பேர்னு தட்டிக் கழிச்சாச்சு. இனிமே எந்த லிஃப்ட்டு ரிப்பேர் ஆகும்.

நீ சொல்றதுன்னா சொல்லிடு. நான் சொல்ல மாட்டேன். சொல்லத் தெரியாது. உன்மேல ஒண்ணும் வருத்தம் இல்ல.

மாமா

*

ஜூன் 14

அக்காவுக்கு,

நலமா? நான் நலம். இந்தக் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரிக்காதே.

மண்ணைப் பற்றி நான் சொன்னது தப்பு. அந்த ஓடுகள் உன் பொட்டலத்திலிருந்து வந்தவை அல்ல. அதற்கு முன்னால் சல்லடையில் இருந்த ரிக் சாம்பிளுடையவை. நான் சாயத்தில் தோய்க்காமல் கழுவினேன். சந்தேகமே வேண்டாம் என்று வேறு எழுதினேன். மிச்ச மண்ணை முறையாகப் பார்த்துவிட்டேன், இரண்டு தடவை பார்த்தேன். நன்னீர் மண். ஆற்று முகத்து மண் இல்லை.

இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. நீ என்னை நம்பி, வந்த வேலையை விட்டாய். கம்பெனிக்காரர்களிடம் இன்னும் இடம் இருக்கிறதா என்று கேட்டுப்பார். வேண்டுமானால் என் தப்பு என்று நானே அவர்களுக்கு எழுதுகிறேன்.

மாமா எங்கே போகிறார், ஏன் "ஆமா" என்றார் என்பதை மண் சொல்லாது. அதை நான் எழுதப்போவதில்லை. நீ அவரிடம் கேள். இந்தத் தடவை கேள். அவர் "வேலை" என்று சொல்வார் என்று நான் நினைக்கவில்லை.

ரிக் நின்றுவிட்டது. கீழே எதிர்பார்த்த அடுக்கு இல்லையாம். மேனேஜர் வந்து "எங்க இருக்கோம்?" என்று கேட்பதில்லை. முகாமைப் பிரிக்கிறார்கள்.

திட்டி எழுது.

தம்பி

*

ஜூலை 4

தம்பிக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று நினைக்கிறேன். நாங்கள் நலம்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நாங்கள் அதற்கு முந்தின ஞாயிறே போய்விட்டு வந்துவிட்டோம். அதனால் நீ எழுதியது எனக்குப் புது விஷயம் இல்லை. கம்பெனியில் வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். நீ எழுத வேண்டாம்.

அந்த ஞாயிறு லிஃப்ட் எதுவும் கெடவில்லை. இருவரும் ஆற்றங்கரையிலேயே நடந்தோம். நல்ல வெயில். "பஸ்ல போயிருக்கலாமே" என்றேன். "நடக்கறதுதான் பழக்கம்" என்றார். பாதையில் எங்கே பள்ளம், எங்கே முள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு முன்னால் போய்க் கிளையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார். பாலத்துப் படிக்கட்டு வந்ததும் நின்றுவிட்டார். நான் நாலைந்து படி ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் கீழேயே நிற்கிறார்.

"என்ன?" என்றேன்.

"இதுக்கு மேல வந்ததில்ல" என்றார்.

"எப்பவுமேயா?"

"எப்பவுமே."

"அப்புறம் ஏன் ஆமான்னீங்க?"

கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கால் வலித்தது, அதுதான் தெரிந்தது. இத்தனை மாதமாக இந்த மனிதர் இங்கே வந்து இந்தப் படியைப் பார்த்துவிட்டுத் திரும்பி, வீட்டுக்கு வந்து, ஜன்னல் பக்கம் நின்று சாப்பிட்டிருக்கிறார். நான் மேஜையில் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இருங்க, நான் பார்த்துட்டு வரேன்" என்றேன்.

நான் மட்டும் பாலம் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போனேன். அங்கே வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒருத்தியிடம் போனேன். எந்த இடம் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே கையை நீட்டிக் காட்டினாள், அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு என்றும் சொன்னாள். கடல் இறங்கி, தண்ணீர் குறைந்திருந்த நேரம். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். கொஞ்ச நேரம் நின்றேன். எதுவும் தோன்றவில்லை. நண்டுகள் ஓடின. வெளியே வந்தேன்.

அவர் பாலத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். பாதி ஏறி வந்துவிட்டார். லாரிகள் அவரை உரசிக்கொண்டு போயின, அவர் நகரவில்லை. என் புடவை ஓரம் நனைந்திருந்ததையே பார்த்தார்.

"எவ்வளவு தண்ணி?" என்றார்.

"இப்ப முழங்காலுக்கு இருக்கு. கடல் ஏறினா இடுப்பு வரைக்கும் வருமாம். அன்னைக்கு ஏறின நேரமாம்."

அவர் தன் இடுப்பில் உள்ளங்கையை வைத்தார். பிறகு கையைக் கொஞ்சம் மேலே நகர்த்தி அங்கேயே நிறுத்தினார். "அவ இவ்வளவு உயரம் இருந்தாளே" என்றார். "தலை வெளியதானே இருந்திருக்கணும்."

"சேறுங்க" என்றேன். "நின்னா கால் உள்ள போகுது. எனக்கே கணுக்காலுக்கு மேல போச்சு."

கையை எடுக்காமல் அப்படியே நின்றார். அந்த உயரத்தில் கையை வைத்துக்கொண்டு, கீழே பார்க்காமல்.

"அப்படியா" என்றார்.

"ஆமா."

"சேறுன்னு யாரும் சொல்லல."

"நானும் இப்பத்தான் பார்த்தேன்."

நான் அவர் கையைப் பிடிக்கவில்லை. திரும்பி அந்தப் பக்கமே மறுபடி நடந்தேன். கொஞ்சம் கழித்துப் பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது.

முகாமைப் பிரித்த பிறகு எங்கே போகிறாய் என்று எழுது. லீவு கொடுத்தால் இங்கே வா.

அக்கா